அலப்பறையும் அமுக்குணியும்

என் அண்ணனுக்கு எங்கள் ஊர் வைத்திருக்கும் பெயர்கள் ஒன்றா, இரண்டா! பீத்தக்காரன், சவடால், உதார் பார்ட்டி, அலப்பறை. ஓட்டுவது ஒரு பழைய மினி வேன். பேச்சைக் கேட்டால் கலெக்டரே அவரைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார் என்று நினைப்பீர்கள். என் வீட்டுக்காரர் நேர் எதிர். அவரை அமுக்குணி என்பார்கள், கமுக்கமான ஆள் என்பார்கள். பாராட்டா, திட்டா என்று சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். பம்புசெட் மோட்டாரில் விரல் சிக்கி நகம் பிய்ந்து வந்த அன்றைக்கும் “லேசா நசுங்கிருச்சு” என்று சொல்லிவிட்டுச் சோறு கேட்டவர். எந்த வலிக்கும் அந்த ‘லேசா’தான்.

போன தையில் ஒரு விடியலில், திண்டுக்கல் பூச்சந்தையில் சம்பங்கி மூட்டையை இறக்கிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் குளிரிலும் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியிலேயே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“என்னய்யா செய்யுது?” என்று கேட்டார் நர்ஸ்.

“ஒண்ணுமில்லம்மா. லேசா நெஞ்சைக் கரிக்குது.”

“நேத்து என்ன சாப்ட்டீங்க?”

“பிரியாணி.”

“கேஸாத்தான் இருக்கும். செத்த நேரம் அந்த பெஞ்சுல உக்காருங்க, கூப்பிடுறோம்.”

அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல மாட்டேன். அங்கே தலையில் ரத்தத்தோடு ஒருவர் கிடக்கிறார், மூச்சு வாங்க ஒரு குழந்தை அழுகிறது. சிரித்த முகமாக நிற்கிற மனிதரை யார் முதலில் பார்ப்பார்கள்?

“இவரு லேசான்னு சொன்னா லேசு இல்லம்மா” என்று கெஞ்சினேன். “பதறாதீங்கக்கா” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

“மனுசா, உள்ளதைச் சொல்லித் தொலைங்களேன்!”

“கத்தாத. எல்லாரும் பாக்குறாங்க.”

அவர் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. இடது கையை மடியில் வைத்து மெல்ல அமுக்கிக்கொண்டார். ஓங்கி ஒரு அறை விடலாமா என்றிருந்தது எனக்கு. உயிர் போகிற நேரத்தில் என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கிறது?

அப்போதுதான் வாசலில் அண்ணன் குரல் கேட்டது. “ஏலே, யாருலே இங்க டியூட்டி? எங்க மாப்ளய பெஞ்சுல உக்கார வச்சிருக்கீக? நான் யாருன்னு தெரியுமா?” மற்ற நாளாக இருந்தால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடியிருப்பேன். அன்றைக்கு, கத்துண்ணே, நல்லாக் கத்து என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அண்ணன் போய் டாக்டர் அறை வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். “டாக்டரய்யா, எனக்கு முள்ளுக் குத்தினா ஊரைக் கூட்டுவேன். என்னைய நம்பாதீக. ஆனா இந்த மாப்ள லேசா வலிக்குதுன்னா உசுரு போகுதுன்னு அர்த்தம். ஒரு ஈசிஜி எடுத்துப் பாருங்க. ஒண்ணுமில்லன்னா என்னையப் போலீஸ்ல புடிச்சுக் குடுங்க!”

அண்ணனை வெளியேற்றுவதற்காகத்தானோ என்னவோ, டாக்டர் ஈசிஜி எடுக்கச் சொன்னார். தாளைப் பார்த்தவர் முகம் மாறியது. அதற்குப் பிறகு அங்கே யாரும் நடக்கவில்லை, எல்லாரும் ஓடினார்கள். ஊசி, மாத்திரை, ஸ்ட்ரெச்சர். மாரடைப்பு, உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள்.

ஆம்புலன்ஸில் அண்ணன் வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். அந்த வாய் ஓய்ந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் இன்னும் கூடியது.

சின்னாளபட்டி தாண்டும்போது கூட வந்த நர்ஸ் குனிந்து கேட்டார். “அய்யா, இப்ப வலி எப்படி இருக்கு? உள்ளபடி சொல்லணும். அதை வச்சுத்தான் மருந்து.”

அவர் உதடு அசைந்தது. “லே...”

நான் அவர் கையை இறுக்கிப் பிடித்தேன். என்னைப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

“வலிக்குது புள்ள” என்றார். “ரொம்ப வலிக்குது. தாங்க முடியல.”

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் வாயால் அதை நான் கேட்டதே இல்லை.

“சொல்லுங்க” என்றேன். “அந்த நர்ஸ் புள்ளைக்குக் கேக்குற மாதிரி இன்னும் சத்தமாச் சொல்லுங்க.”