பள்ளிவாசல் முனையில் மேளம்

வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்து, முஸ்லிம் பகை எப்படி வேர் பிடித்தது என்று கல்லூரியில் பல வருடங்கள் பாடம் நடத்தியவன் நான். அக்கம்பக்கத்தார் பேசித் தீர்த்துக்கொண்டிருந்ததை அவன் உரிமை வழக்காக மாற்றினான், பள்ளிவாசல் முன்னால் மேளம் அடிப்பது யாருடைய உரிமை என்று தீர்ப்பு எழுதிவைத்தான் என்று சொல்லும்போது என் குரல் உயரும். அதே வேலையை எங்கள் ஊரில் நானே செய்தேன்.

புதுச்சேரியில் வில்லியனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆடியில் அம்மன் ஊர்வலம் பள்ளிவாசல் தெரு வழியாகத்தான் வரும். முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய், என் வயதுக்காரர், அன்று எழுந்து நிற்பார். உள்ளே தொழுகை நடந்தால் கையைக் காட்டுவார், மேளம் நிற்கும். இல்லையென்றால், "அடிச்சிக்கினே போங்கபா, கை நோவுதா இன்னா?" என்பார்.

சில வருடங்களுக்கு முன் விழாக்குழுவுக்குப் புதிதாக வந்த இளைஞர்கள் என்னிடம் வந்தார்கள். "பாய் கைய காட்டினாத்தான் நம்ம அம்மன் போவணுமா சார்? நமக்கு ரைட்ஸ் இல்லியா?"

இருக்கிறது என்றேன். நம் பக்கத்தை ஆண்டது பிரெஞ்சுக்காரன்தான். ஆனாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் கோர்ட்டுகள் தெரு எல்லோருக்கும் பொது என்று சொன்னதை எடுத்துக்காட்டி, காவல் நிலையத்துக்கு மனு எழுதிக் கொடுத்தேன். நன்றாக எழுதியிருக்கிறேன் என்ற பெருமைகூட இருந்தது.

அதிகாரி இரு தரப்பையும் கூப்பிட்டார். ஆட்சேபணை உண்டா என்று பள்ளிவாசல்காரர்களைக் கேட்டார். அதுவரை யாரும் அவர்களை அப்படிக் கேட்டதில்லை. கேட்டதும், உண்டு என்றார்கள். எந்த நேரத்தில், எதுவரை அடிக்கலாம் என்று உத்தரவு வந்தது. தடுப்புக் கட்டைகள் வந்தன. ஊர்வலத்தன்று பாயின் கடையை மூடச் சொன்னது போலீஸ்.

மறுநாள் கடைக்குப் போய், மனுவை வாபஸ் வாங்கிவிடுகிறேன் என்றேன். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாணாம் வாத்தியாரே. நீ வாபஸ் வாங்கினா எங்க பசங்க ஜெயிச்சிட்டோம்னு பட்டாசு வெடிப்பானுங்க. உங்க பசங்க சும்மா இருப்பானுங்களா?"

"அப்ப முன்ன மாதிரி நீயே நில்லு பாய்."

"இப்ப நா கைய காட்டினா எவன் நிப்பாட்டுவான்? ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம் நீ."

இந்த ஆடியிலும் ஊர்வலம் உத்தரவுப்படியே போனது. நான் வெளியே வரவில்லை. மூடிய கடையைத் தாண்டும்போது மேளத்தை ஓங்கி அடித்தார்கள். என் வீடு வரை கேட்டது.