மூன்று தாளுக்கு ஒரு கிளிப்

ஜெராக்ஸ் இயந்திரத்தின் மூடிமேல் தாள்களைப் பரப்பிவிட்டு, துப்பட்டா ஓரத்திலிருந்து ஒரு துணி கிளிப்பைக் கழற்றுகிறார் லூயிசா. ஒத்துப்போகும் தாள்களுக்கு ரப்பர் பேண்ட். சண்டை போடும் தாள்களுக்குக் கிளிப். கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் அவர் கடைக்கு வருபவர்கள் நோய்க்குப் பெயர் சொல்வதுபோலச் சொல்வார்கள்: "எங்களுது நாலு கிளிப்பு."

லூயிசாவுக்கு நாற்பத்தாறு வயது. கண்ணாடியில் ஆவி படியும் என்று டீயை ஆறவைத்துத்தான் குடிப்பார். தாலுகா ஆபீசுக்குப் போகும் தாள் எதுவானாலும் தேதி, வயது, ஊர் மூன்றையும் விரலால் தொட்டுப் பார்ப்பார். கொஞ்சம் திருத்தித் தரச் சொன்னால், "அதுக்கு வேற கடை பாருங்க" என்று தாளைத் திருப்பித் தள்ளிவிடுவார்.

சான்றிதழ் நகலெடுக்கத்தான் நான் அங்கே போக ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வேலை தேடி பெங்களூருக்கு ரயிலில் போய்வந்துகொண்டிருக்கிறேன். கணினியின் அறிவுத்தளத்தில், அதாவது அதில் சேர்த்துவைத்த தகவல் தொகுப்பில், உள்ள கூற்றுகள் எவ்வளவு முரண்படுகின்றன என்று அளப்பதுதான் என் முதுகலை ஆய்வு. பழைய தர்க்கத்தின்படி ஒரே ஒரு முரண் இருந்தாலும் மொத்தமும் பயனற்றது. அப்படித் தூக்கிப் போடாமல், எத்தனை மோதல், எதை நீக்கினால் தீரும் என்று எண்ண வேண்டும். இதை லூயிசாவிடம் விளக்கினேன்.

"அதுக்கா ரெண்டு வருசம்?" என்றார்.

போன மாதம் மைசூர் மைன்ஸ் குடியிருப்பிலிருந்து அமலா அக்கா வந்தார். தன் அப்பா மரியகுழந்தையின் பெயரில் இருந்த சுரங்கக் கம்பெனி வீட்டுக்கு அவர் வாரிசுச் சான்று கேட்டிருந்தார். அந்த விண்ணப்பம் தாலுகா ஆபீசிலிருந்து திரும்பி வந்துவிட்டது. லூயிசா மூன்று தாள்களைச் சேர்த்து ஒரே கிளிப் போட்டார். பள்ளி டி.சி.யில் அமலா பிறந்தது 1974 ஜூன். இறப்புச் சான்றில் அப்பா இறந்தது 1972 ஆகஸ்ட். கல்யாணச் சான்றில் அவர் மரியகுழந்தையின் மகள். எந்த இரண்டை எடுத்தாலும் சண்டையில்லை. மூன்றும் சேர்ந்தால்தான் வம்பு.

"எங்கம்மாவப் பத்தி அந்த ஆபீசுல இருக்குற ஆளு இன்னா கேட்டான் தெரியுமா?" என்றார் அமலா அக்கா. கேட்டதை அவர் சொல்லவில்லை.

நான் தாள்களை எண்ணினேன். ஆதார், பான், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பாஸ்புக் ஐந்தும் டி.சி. பக்கம். ஆறு தாளைக் காப்பாற்ற ஒரு தாளை விடலாம். கல்யாணச் சான்றை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அமலா அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"அவங்க அப்பனையே எடுக்கச் சொல்றியா தம்பி?" லூயிசா குரலை உயர்த்தவில்லை. "இந்த அஞ்சும் டி.சி.யப் பாத்து எழுதுனது. தாளு ஆறு, வாயி ஒண்ணு."

என் ஆய்வேட்டில் ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரே மதிப்புதான் கொடுத்திருந்தேன். ஒரு கூற்று எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்கு ஏன் தோன்றவில்லை? அன்றைக்கு ரயிலில் வேறெதையும் யோசிக்க முடியவில்லை.

டி.சி.யின் கதையை அமலா அக்காவே சொன்னார். அப்பா சுரங்க ஷாஃப்டில் இறந்த பிறகு அம்மாவுக்குக் கம்பெனியில் மேல்வேலை, சுரங்கத்துக்கு வெளியே தரைமேல் செய்யும் வேலை, கிடைத்தது. குழந்தை பேத்தமங்களாவில் சித்தி வீட்டில் வளர்ந்து, ஏழு வயது தாண்டித்தான் திரும்பி வந்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

"கோயில்ல ஞானஸ்நானம் குடுத்தாங்க இல்ல? அந்த ரிஜிஸ்டர் எதையும் பாத்து எழுதுனது இல்ல. போய்ப் பாருங்க" என்றார் லூயிசா.

மறுவாரம் அமலா அக்கா கொண்டுவந்த ஞானஸ்நானச் சான்றில் பிறந்தது 1971 டிசம்பர் என்று இருந்தது. ஆறு தாளையும் மாற்ற வேண்டும், ஒரு வருடமாவது அலைய வேண்டியிருக்கும் என்று லூயிசா ஒளிக்காமல் சொன்னார். அலைவதாக அமலா அக்கா சொன்னார்.

லூயிசா கிளிப்பைக் கழற்றித் துப்பட்டாவில் மாட்டிக்கொண்டார். டி.சி.யைத் தனியே வைத்தார். ஞானஸ்நானச் சான்றை அப்பாவின் இறப்புச் சான்றுமேல் வைத்து, விளிம்பு சரியாகும்வரை இரண்டையும் மேசையில் தட்டி, ரப்பர் பேண்ட் போட்டார்.