தாடி வளர்த்த வேதக்காரன்

ஞானஸ்நானம் பெற்ற மறுநாள் காலையில், ஊரார் என்னைக் கல்லால் அடிப்பார்கள் என்று எதிர்பார்த்து, பழைய வேட்டியாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ரத்தம் பட்டால் நல்ல வேட்டி வீணாகுமே என்ற முன்யோசனை. தெருவில் யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாய் மட்டும் குரைத்தது. அது முந்தின வாரமும் என்னைப் பார்த்துக் குரைத்த நாய்தான்.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே, கரிசல் காட்டில் இருந்தது. வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு மூத்தவர் ஒரே அண்ணன். ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரு மண்சுவர். நான் உசிலம்பட்டிச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போன இடத்தில், புளியமரத்தடியில் ஒருவர் வேதம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அதற்குப் பிறகு மாடு பிடிக்கிற சாக்கில் சந்தைக்குப் போய்ப் போய்க் கேட்டேன். கடைசிவரை மாடு பிடிக்கவில்லை.

“மாடு வாங்கப் போனவன் சாமி வாங்கிட்டு வந்திருக்கான்” என்று அண்ணன் ஊருக்கெல்லாம் சொன்னார். சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் சிரிக்கவில்லை. ஊரைக் கூட்டி, கட்டுப்பாடு போட்டார். எனக்குச் சவரம் செய்ய ஆள் வரக்கூடாது. துணி வெளுக்க வரக்கூடாது. என் காட்டில் யாரும் கூலிக்கு இறங்கக்கூடாது.

எனக்கு ஒரே சந்தோஷம். உபத்திரவம் வந்தேவிட்டது! அன்றைக்கே திருமங்கலம் நடந்துபோய், எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரி ஐயரிடம் மூச்சிரைக்கச் சொன்னேன்.

“அடிச்சாங்களா தம்பி?” என்று பதறிக் கேட்டார்.

“இல்லைங்கய்யா. சவரம் பண்ண மாட்டேங்கிறாங்க.”

ஐயர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. என் பாடுகளை நினைத்து அழுகிறார் என்று அப்போது நினைத்தேன்.

“சரி தம்பி, அதுக்கும் ஜெபம் பண்ணுவோம்” என்றார்.

பண்ணினேன். தினமும் மண்சுவருக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, அண்ணன் காதில் விழுகிற மாதிரி, சத்துருக்களின் மனக்கடினத்தை உடைக்கும்படி உரக்க வேண்டினேன். கர்த்தருக்குக் காது கேட்கும் என்று வேதம் சொல்லியிருந்தது எனக்கு ஞாபகத்தில் இல்லை. ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

“டேய், மெதுவாக் கும்புடு. மாடு மெரளுது.”

தாடி வளர்ந்தது. முதலில் முள் மாதிரி அரித்தது. நானே மழித்துக்கொள்கிறேன் என்று கத்தி எடுத்துக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டேன். என் மனைவி கத்தியைப் பிடுங்கிக் கூரையில் செருகிவிட்டாள். அவள் அப்போது வேதத்தில் சேரவில்லை. அவளுடைய அய்யா வந்து, “பொறப்படு, நம்ம வீட்டுக்குப் போவோம்” என்று கூப்பிட்டபோது, “கிறுக்குப் பிடிச்சாலும் இவருக்கு நான்தான் கஞ்சி ஊத்தணும்” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதை என் விசுவாசத்துக்குக் கிடைத்த சாட்சி என்று நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

மாசி கடைசியில் பருத்தி வெடித்தது. காடு முழுக்க வெள்ளை. அந்த வருஷம் பார்த்து மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்தது. வெடித்த பருத்தியில் மழை விழுந்தால் சுளை கறுத்துப்போகும், வியாபாரி தொடமாட்டான். அண்ணன் காடு பக்கத்துக் காடுதான். ஊர்ப் பெண்கள் அங்கே நிரை பிடித்து இறங்கியிருந்தார்கள். என் காட்டில் நானும் மனைவியும் மட்டும்.

அதுவரை நான் சுமந்தது சிலுவை இல்லை, வெறும் தாடி என்று அப்போதுதான் புரிந்தது. அந்தப் பருத்தி போனால் வருஷம் முழுக்கச் சாப்பாட்டுக்கு வழியில்லை. வரப்பில் இருந்த கருவேல மரத்தடியில் முழங்கால் போட்டேன். இந்த முறை சத்தம் வரவில்லை. “முடியலை ஆண்டவரே” என்றதற்கு மேல் வார்த்தையும் வரவில்லை. நான் ஜெபித்தேன், அவள் பருத்தி எடுத்தாள். எது அவசரமான வேலை என்பதில் எங்களுக்குள் அபிப்பிராய பேதம் இருந்தது.

காலடிச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், எதிரே ஏழெட்டுப் பெண்கள் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறார்கள். வேற்றூர்க்காரர்கள். ஊர் ஊராகப் பருத்தி எடுக்கப் போகிற கூட்டம். முன்னால் நின்ற அம்மாள் குனிந்து, “சாமி, துன்னூறு குடுங்க. போற எடத்துல நல்ல வேலை கெடைக்கணும்” என்றாள்.

பொய் சொல்லவில்லை, ஒரு நொடி அது இனிக்கத்தான் செய்தது. சொந்த ஊரில் சவரத்துக்கு ஆளில்லாதவனை வேற்றூர் கும்பிடுகிறதே! செடிகளுக்கு நடுவிலிருந்து மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆத்தா, நான் சாமியார் இல்ல. வேதக்காரன். செரைக்க ஆளு இல்லாம வளந்த தாடி இது” என்றேன்.

அந்த அம்மாள் விழித்தாள். பிறகு விவரம் கேட்டாள். சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், மற்றவர்களும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் காட்டைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள்.

“ஒங்க ஊருக் கட்டுப்பாடு எங்கள என்ன செய்யும்? கூலிக்குப் பருத்தி குடுப்பீகளா?”

“குடுக்குறேன் ஆத்தா.”

“அம்புட்டுத்தான? எறங்குங்கடி.”

உச்சிப் பொழுது சாய்வதற்குள் என் காடு முடிந்துவிட்டது. எந்தத் தாடியை எடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் ஜெபித்தேனோ, அதுதான் அவர்களைப் பாதையிலிருந்து இழுத்து வந்தது. ஆண்டவர் என் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டதற்கு நன்றி சொல்ல மரத்தடிக்குப் போனேன். அண்ணன் காட்டில் பாதிப் பருத்தி இன்னும் செடியில் நிற்பது அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. மேகம் இன்னும் கறுத்திருந்தது. அந்தக் காட்சியையும் என் நன்றியில் ஓரமாகச் சேர்த்துக்கொண்டேன்.

அதற்குள் மனைவி அந்தப் பெண்களிடம் கையை நீட்டிச் சொல்வது காதில் விழுந்தது. “அது இவுக அண்ணன் காடு. ரெம்பப் பாக்கி கெடக்கு. அதையும் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க தாயி.”

எனக்கு வந்த கோபம்! “உன்னை யாரு சொல்லச் சொன்னது?” என்று சீறினேன்.

“நீங்க நெதமும் அவருக்காகத்தான சுவரோரம் கும்புட்டீக?” என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். போய் அவர்களோடு அண்ணன் காட்டில் இறங்கினேன். ஊர்ப் பெண்கள் விலகிப் போகவில்லை. கடைசிச் சாக்கு வண்டியில் ஏறினபோது இருட்டத் தொடங்கியது. மழை விடியற்காலையில்தான் விழுந்தது.

அன்று வண்டி கிளம்பியதும், மனைவியோடு நின்ற என்னை அண்ணன் வரப்பில் நிறுத்தினார்.

“இந்த ஆளுகள யாரு அனுப்புனது?”

கர்த்தர் அனுப்பினார் என்று கம்பீரமாகச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. “இவ அனுப்புனா” என்றுதான் சொல்ல முடிந்தது.

அவர் என் தாடியைப் பார்த்தார். “பாக்கச் சகிக்கலடா. நாளைக்கு ஆள வரச் சொல்றேன், செரைச்சுக்க” என்றார். கட்டுப்பாட்டை எடுத்தேன் என்று அவர் எந்தக் கூட்டத்திலும் சொல்லவில்லை. சவரத்துக்கு ஆள் வந்தது, பின்னால் வெளுக்கவும் வந்தது. பிற்பாடு ஊரில் எழும்பின எங்கள் வேதக்கோயில் வாசலை அண்ணன் கடைசிவரை மிதிக்கவில்லை. ஆனால் எங்கள் கோயிலுக்குக் கூரை போட்டபோது ஒரு வண்டி ஓலை வந்து இறங்கியது. யார் அனுப்பியது என்று வண்டிக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பருத்தியை ஏற்றிக்கொண்டு திருமங்கலம் போனபோது மனைவியும் வண்டியில் வந்தாள். நான் தூங்குவதாக நினைத்து, பொதியில் சாய்ந்தபடி மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள். முதலில் மாட்டோடு பேசுகிறாள் என்று நினைத்தேன்.

“சாமி, இவுக ஒங்ககிட்ட வேலை மெனக்கெட்டு என்னென்னமோ கேப்பாக. அம்புட்டையும் காதுல வாங்கிக்காதீக. எது வேணும்னு ஒங்களுக்கே தெரியும்ல, அத மட்டும் குடுங்க.”

அவள் ஜெபித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கண்ணை மூடியபடியே ஆமென் சொன்னேன்.