மாப்பிள்ளைக்கு முன்னால் போன கோட்டு

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்கள். பெட்ரோலுக்குச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு கிடைத்தாலும் பெட்ரோல் கிடைக்காது. அதனால் நான் வேலை பார்த்த மயிலாப்பூர் சலவைக் கடையின் வேனுக்குப் பக்கவாட்டில், ஆள் உயரத்தில் ஓர் இரும்பு உருளையை மாட்டியிருந்தார்கள். அதற்குள் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கைச்சக்கரத்தைச் சுற்றி ஊதினால், அதில் வரும் வாயுவில் இன்ஜின் ஓடும். மேடு வந்தால் மட்டும் முனகும்.

எனக்கு இஸ்திரி வேலை. காலை முதல் மாலை வரை கரியோடுதான் இருப்பேன். ஒரு கரித்துண்டைக் கையில் எடுத்தாலே எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரிந்துவிடும். ஆனால் அதை இன்னொருவரிடம் சொல்லச் சொன்னால் வாய் வராது. முப்பத்தெட்டு வயதிலும் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. புது உருளை எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, கடை டிரைவர் அன்று ஒரு நாளைக்கு வேனை முதலாளியிடம் இரவல் கேட்டிருந்தான். முதலாளி ஒரு நிபந்தனையோடு கொடுத்தார். மாம்பலம் தியாகராய நகரில் ஒரு வீட்டுப் பையனுக்கு மறுநாள் கல்யாணம். அன்று மாலை மாப்பிள்ளை அழைப்பு. வாழ்நாளெல்லாம் வேட்டி கட்டுகிறவனாக இருந்தாலும் அந்த ஒரு மாலைக்குக் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, திறந்த காரில் ஊர்வலம் வர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அந்தக் கோட்டை நான்தான் தேய்த்து வைத்திருந்தேன்.

"நாலு மணிக்குக் கோட்டு அங்க இருக்கணும்" என்றார் முதலாளி என்னிடம். "இல்லேன்னா நாளைக்கு நீ இங்க இருக்கமாட்டே."

கோட்டை வேனுக்குள் கம்பியில் மாட்டிவிட்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். லஸ் முனையில் எங்கள் சிநேகிதர் வாத்தியார் நின்றிருந்தார். சாந்தோம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுப்பவர், நல்ல பருமன். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடித்து வந்திருந்தார்.

"இன்னா வாத்யாரே, பூசை ஆச்சா? ஏறு" என்றான் டிரைவர்.

"எங்கடா?"

"மாம்பலம்."

வாத்தியார் ஏறியதும் வண்டி அடையாறு பக்கம் திரும்பியது.

"டேய், மாம்பலம் அந்தப் பக்கம்டா."

"நாலு மணிக்குத்தான கோட்டு? மணி பத்தே ஆவல. கடல் காத்து வாங்கினு வந்துர்லாம். பூகோளம் சொல்லித் தர்றியே, திருவான்மியூருக்கு அப்பால போயிகீறியா நீ?"

வாத்தியார் யோசித்தார். "மேப்புல போயிருக்கேன்" என்றார்.

அப்போதே நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னால், எனக்கும் போக ஆசையாக இருந்தது. அடையாற்றுப் பாலத்தின் மேல் வாத்தியார் கோயில் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். டிரைவர் ஹாரனில் தாளம் போட்டான்.

திருவான்மியூரைத் தாண்டியதும் ரோடு மெலிந்து மணலாயிற்று. பாலவாக்கத்துக் குடிசைகள் தெரிகிற இடத்தில், ஒரு சவுக்குத் தோப்பில் வண்டியை நிறுத்தினோம். கோட்டுக்குக் காற்றுப் படட்டும் என்று வேனின் பின்கதவை நானே திறந்து வைத்தேன். கட்டுமரங்கள் அப்போதுதான் கரை ஏறியிருந்தன. டிரைவர் ஓடிப்போய் ஒரு கூடை சங்கரா மீனோடு வந்தான்.

முந்தின நாள் மழையில் சுள்ளியெல்லாம் ஊறிக் கிடந்தது. பற்றவில்லை.

"நம்மகிட்ட மூட்டை நெறையக் கரி கீதே!" என்றான் டிரைவர்.

வேனுக்குப் பின்னாலேயே மூன்று கல் வைத்து நான்தான் அடுப்பு மூட்டினேன். கரி என்றால் என் கை தானாகப் போய்விடும். முதல் ஈடு மீன் சுட்டோம். வாத்தியார் இன்னொரு ஈடு போடச் சொன்னார். பிறகு இன்னொன்று. மூட்டை வாய் தொங்கியபோது, திரும்பிப் போக இது போதாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த நேரம் வாத்தியார், பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் தலைமையாசிரியர் எப்படி நடப்பார் என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் மணலில் புரண்டு சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு நடுவே கரிக் கணக்குப் பேச எனக்கு மனம் வரவில்லை. எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அடுத்த மீனைத் திருப்பிப் போட்டேன்.

போய்ச் சேரவில்லை. திரும்பும்போது அடையாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இரண்டு முறை இருமி நின்றது. டிரைவர் உருளையின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"நைனா, வண்டிய துன்னுட்டோம்!" என்றான்.

மணி இரண்டு. கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தே போய்விடலாம் என்று பின்பக்கம் போனேன். கதவைத் திறந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அடுப்புப் புகை முழுவதும் வேனுக்குள்தான் போயிருக்கிறது. கோட்டில் சங்கரா மீன் மணத்தது. முட்டைகூட வாசற்படி தாண்டாத வீட்டுக்குப் போக வேண்டிய கோட்டு.

வாத்தியார் முகர்ந்து பார்த்தார். "நல்லாத்தான் சுட்டிருக்கே" என்றார்.

சாலையோரம் ஒரு மரத்தடியில் இஸ்திரி வண்டி ஒன்று நின்றது. பக்கத்தில் சாக்கு நிறையக் கரி. டிரைவர்தான் முதலில் போனான்.

"அண்ணே, கொஞ்சம் கரி குடேன். வண்டிக்கு."

"வண்டிக்கா? நான் இன்னாத்தப் போட்டுத் தேய்க்கிறது? போபா, வேலயப் பாத்துக்கினு."

டிரைவர் வெறுங்கையோடு வந்தான். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் நடந்தேன். அந்த ஆள் முன்னால் போய் நின்றேன். அவருடைய மேஜையில் கஞ்சி போட்ட சட்டைகள் ஒரு குவியலாகக் கிடந்தன. அவர் வயிறு ஒட்டியிருந்தது. அந்த நிலைமை எனக்குத் தெரியும்.

"சாப்ட்டீங்களா?" என்றேன்.

"இத்த முடிக்காம எங்க சாப்பிட்றது?"

"நான் தேய்ச்சு வெக்கிறேன். நீங்க போய் சாப்ட்டு வாங்க. எனக்கு அரை சாக்கு கரி குடுத்தாப் போதும். அப்புறம், உங்க இஸ்திரிப் பொட்டியில ஒரு கோட்டு தேய்ச்சுக்கிறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு சட்டையை எடுத்துப் போட்டார். நான் தண்ணீர் தெளித்து, கழுத்துப்பட்டியை உள்பக்கம் முதலில் தேய்த்து, பிறகு வெளிப்பக்கம் திருப்பினேன். அதற்குமேல் அவர் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சாக்க எட்த்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சட்டைகளைத் தேய்க்க, டிரைவர் உருளையை நிரப்பினான். வாத்தியார் கைச்சக்கரத்தைச் சுற்றினார். "ஆறு மீன் தின்னதுக்கு இந்தத் தண்டனையா?" என்றார்.

"பன்னெண்டு" என்றான் டிரைவர்.

கடைசியில் கோட்டை எடுத்தேன். ஈரத்துணி போட்டு அழுத்தினால் ஆவியோடு மீன் வாசனை எழுந்தது. மூன்று முறை அழுத்தினேன். பாதி போயிற்று. மீதி போக மறுத்தது. அதற்குள் இஸ்திரிக்காரர் சாப்பிட்டு வந்துவிட்டார்.

"காத்துல காட்டு" என்றான் டிரைவர்.

வேனின் படியில் நின்று, ஒரு கையால் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கோட்டை உயர்த்திப் பிடித்தேன். பாலம் தாண்டியதும் காற்று கோட்டின் இரண்டு கைக்குள்ளும் புகுந்தது. கோட்டு எழுந்து நின்று, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கையாட்டியது. தேனாம்பேட்டையில் பஸ்ஸுக்காக நின்ற ஒருவர், "மாப்ள எங்கய்யா?" என்று கத்தினார்.

"பின்னால வர்றார்!" என்றார் வாத்தியார்.

இன்னொரு நாளாக இருந்தால் வெட்கத்தில் செத்திருப்பேன். அன்று நானும் சிரித்துவிட்டேன்.

கல்யாண வீட்டு வாசலில் நாங்கள் நின்றபோது உள்ளே கடிகாரம் நாலு அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா கோட்டை வாங்கினாள்.

"ஏன் வெதுவெதுன்னு இருக்கு? ஏதோ புகை வாசனை வேற அடிக்கறதே?"

"இப்பதான் பொட்டி போட்டுட்டு நேரா கொண்டாரேன்மா" என்றேன். பொய்யில்லை.

"பாருங்கோ, சூடு ஆறாம கொண்டு வந்திருக்கான்!" என்று உள்பக்கம் திரும்பிச் சொன்னாள்.

மாப்பிள்ளைப் பையன் வந்து கோட்டைப் போட்டுப் பார்த்தான். கையைத் தூக்கினான். மூக்கு சுருங்கியது. என்னைப் பார்த்தான். என் வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"அம்மா, ரொம்பப் புழுக்கமா இருக்கு. அந்தப் பன்னீர்ச் செம்பை எடுத்துண்டு வாயேன்" என்றான்.

செம்பு வந்தது. தோளில், மார்பில், இரண்டு கையிலும் தெளித்துக்கொண்டான். செம்பு முக்கால்வாசி காலியாகும் வரைக்கும் தெளித்துக்கொண்டான். "போறுண்டா, வரவாளுக்கு வேண்டாமா?" என்று அம்மா பிடுங்கினாள்.

ஊர்வலத்தைப் பார்க்காமல் போக எங்கள் மூவருக்கும் மனமில்லை. தெருக்கோடியில் வேனை ஓரங்கட்டிக் காத்திருந்தோம். வெயில் இறங்கியதும் நாதஸ்வரம் கேட்டது. பின்னால் திறந்த கார் வந்தது. அதன் முதுகிலும் ஓர் இரும்பு உருளை இருந்தது! பெட்ரோல் அவர்களுக்கும் கிடைக்கவில்லை. கார் விட்ட கரிப்புகையில் நாதஸ்வரக்காரர், மாமாக்கள், பட்டுப்புடவைகள், எல்லோரும் மணத்தார்கள்.

டிரைவர் ஹாரனை அடித்தான். மாப்பிள்ளை திரும்பினான். படியில் நின்ற என்னைக் கண்டுகொண்டான். மாலையைச் சரிசெய்வது போலக் கோட்டுக் கையை மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை முகர்ந்துவிட்டு, பக்கத்தில் இருந்த யாருக்கும் காரணம் தெரியாமல், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனான்.