கவிதை குறித்த நாள்

தாய் பின் என்ற எங்கள் ஊர்ச் சந்தையில் மியெனும் நானும் முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்துக் கடை. அவள் அரிசிச் சேவை விற்றாள், நான் வாத்து முட்டை. கூட்டம் இல்லாத மத்தியானங்களில் சண்டைக் காலத்துக் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லிப் போட்டி போடுவோம். எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள். எனக்குப் பொறாமையாக இருக்கும். இன்று அவளும் இல்லை, அந்த மத்தியானங்களும் இல்லை.

அவள் புருஷன் கியெம் அமெரிக்கர்களோடு நடந்த சண்டைக்குத் தெற்கே போனவன். இறந்துவிட்டான் என்று ஒரு காகிதம் வந்தது. எந்த நாள் என்று அதில் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் பக்கம், வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளில் திவசம் வைப்பார்கள். மியெனுக்கு அது ஆகவே ஆகாது. அன்றைக்கு அவன் குழம்பில் உப்புக் குறைவு என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு கிண்ணம் சோறு தின்றானாம். உயிரோடு தின்றவனுக்கு அதே நாளில் எப்படிப் படைப்பது என்று வருடா வருடம் பொருமுவாள்.

ஒரு புத்தாண்டு மலரில், கியெமோடு சண்டையில் இருந்த லூயென் என்பவர் எழுதிய கவிதை வந்தது. நான்தான் அவளுக்கு வாசித்தேன். கியெமைக் காட்டில் புதைத்த கதை. அவன் பெயர், எங்கள் ஊர்ப் பெயர் எல்லாம் இருந்தன. 'பத்தாம் மாதம், பதினாறாம் நாள் நிலா' என்று ஒரு வரி. அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டுப் படையல் மாடத்தில் வைத்தாள். அதிலிருந்து அந்த நாளில்தான் திவசம். கோழி, ஒட்டரிசிச் சோறு, எதிலும் குறை வைக்கமாட்டாள்.

பதினோராவது திவசத்துக்கு லூயெனையே தேடிப்பிடித்து அழைத்தாள். கிண்ணத்தைக் கையில் வாங்கியவர் சட்டத்தைப் பார்த்தார். சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, அன்னிக்கு நிலாவே இல்ல. ஒரே மழை. தேதியும் எங்களுக்குத் தெரியாது. ரெண்டு வருஷம் கழிச்சு எழுதினேன். எதுகைக்கு நிலா வேண்டியிருந்துச்சு, போட்டுட்டேன்."

எதுகைக்காக ஒருவன் செத்த நாளையே இட்டுக்கட்டுவதா என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். மறுபடியும் அந்தக் கிளம்பிய நாள்தானா என்றும் கேட்டேன். மியென் என்னைக் கையமர்த்தினாள்.

"நனைஞ்சாரா?"

"என் மழைச்சீலையால சுத்தினேன், அக்கா. இந்தக் கையாலதான் மண்ணு போட்டேன்."

அவள் அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு கோழித் துண்டை எடுத்து அவர் கிண்ணத்தில் வைத்தாள்.

"சாப்பிடு தம்பி. அவரைக் கடைசியா தொட்ட கை இன்னிக்குத்தான் என் வீட்டுக் கிண்ணத்தத் தொட்டிருக்கு. இனிமே இதுதான் அவரு நாள்."