வெள்ளிப் பெயிண்ட் பூசிய மணி

போன வாரம் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டில் பழைய பெயிண்ட்டை உரிக்க ஆள் வந்திருந்தார். அவர் பெயிண்ட் ரிமூவர் டப்பாவைத் திறந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. கையிலிருந்த காப்பி ஆறிப்போனது கூடத் தெரியாமல் நான் ஒரு சர்ச் கோபுரத்தின் உச்சியில் போய் நின்றுகொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு லேத் பட்டறையில் எனக்கு வேலை. பம்பு மோட்டாரின் அச்சு சுழல்கிற வளையமான புஷ் கடைவேன். எம்.ரெட்டியபட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து அன்னபாக்கியம் அக்கா பட்டறைக்கு வந்தார். புருஷன் இறந்தபிறகு அவர் பார்த்த மணியடிக்கிற வேலையைச் சர்ச்சில் கேட்டு வாங்கிக்கொண்டவர்.

"தம்பி, எங்க மணி தொப்பு தொப்புங்குது. கீறல் விட்டுருச்சு, உருக்கக் குடுத்துரலாம்ங்கிறாக. சர்ச் அசன விருந்தன்னைக்கு ஒழுங்கா அடிக்கலைன்னா மணிய எறக்கிட்டு ஹாரன் ஸ்பீக்கர் கட்டிருவாக. பெறகு எனக்கு அங்க என்ன சோலி?"

"நான் வாரேன்க்கா, கணீர்னு அடிக்க வச்சுத் தாரேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். அதுவரை சைக்கிள் மணியைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை என்பதை அக்காவிடம் சொல்லவில்லை.

ஏறிப் பார்த்தால், மணி தொங்கும் அச்சு தேய்ந்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஆஹா, நம்ம சோலிதான்! வெண்கலத்தில் புது புஷ் கடைந்து மாட்டினேன். அக்கா கயிற்றை இழுத்தார். தொப்பு. கீழே நின்ற சர்ச் கமிட்டிப் பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பம்பு செட்டுக்காரனக் கூட்டியாந்தா தண்ணிதான் வரும்!"

மானம் போயிற்று. கோபத்தில் மணியை நகத்தால் பிறாண்டினேன். வில்லை வில்லையாகப் பெயர்ந்தது, தோசைக் கனத்துக்குப் பெயிண்ட். உள்ளே, வெளியே, நாக்கில்கூட.

"யாருக்கா இம்புட்டுப் பூசுனது?"

"நாந்தான். கிறிஸ்மஸுக்கு நமக்கெல்லாம் புதுத்துணி, அதுக்கு மட்டும் வேண்டாமா?"

அந்தப் பெயிண்ட்தான் குரல்வளையைப் பிடித்திருக்கிறது என்றதும் அக்கா முகம் வாடிவிட்டது. "அடியில எங்க வீட்டுக்காரவுக பூசுனதும் இருக்கு தம்பி" என்றார். எனக்குச் சுரண்டியைப் பிடிக்கக் கை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே அதை என்னிடமிருந்து வாங்கி உரிக்க ஆரம்பித்தார்.

பெயிண்ட் ரிமூவர் தடவித் தடவி மூன்று நாள் உரித்தோம். வெண்கலம் வெளியே வந்தது. ஒரு கீறல் இல்லை!

அசனத்தன்று சர்ச்சுக்குப் பின்னால் சோற்று அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. அக்கா இழுத்தார். கணீரென்று ஒரு அடி. கரிசலில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள். கமிட்டிப் பெரியவர் கரண்டியோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ரெட்டியபட்டியிலிருந்து ஒரு சம்சாரி காட்டு வேலையைப் போட்டுவிட்டு சைக்கிளை மிதித்து வந்து, "புது மணியா வாங்கிட்டீக?" என்றார். அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கர்வம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

அக்கா அடுத்த அடியை உடனே அடிக்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி, முதல் அடி முழுக்க அடங்குகிறவரை காதுகொடுத்துக் கேட்டார். அதற்கப்புறம் அவர் இருந்த காலமெல்லாம் அப்படித்தான் அடித்தார்.

மணி இன்னும் அங்கேதான் இருக்கிறது, என் புஷ்ஷோடு. இப்போது ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் அடிக்கிறது. ஒரு அடி அடங்குவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடுகிறது.