எண்ணெய் டின்னில் பாதிக் கிளி

முனிரத்தினத்திடம் பழைய காரைக் கொண்டுபோகிறவர்கள் இரண்டு வகை. திட்டு வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள், திட்டு வாங்கிக்கொண்டு வண்டியை விட்டுவிட்டுப் போகிறவர்கள். மூன்றாவது வகை ஒன்றை நான் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்துக் கடையில் பேட்டரி விற்கிறேன், இருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது அவருடைய டிங்கர் பட்டறை. துரு தின்ற தகரத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைப்பது தொழில். வண்டி வந்து நின்றால் எஞ்சினைப் பார்க்க மாட்டார், பெயின்ட்டைப் பார்க்க மாட்டார், சொந்தக்காரன் முகத்தையும் பார்க்க மாட்டார். மழுங்கிய ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்துக்கொண்டு அடியில் படுத்துவிடுவார். குத்துகிற இடத்தில் கணீரென்று சத்தம் வந்தால் நகர்ந்துபோவார். சத்தம் வராவிட்டால் அங்கேயே கிடந்தபடி திட்ட ஆரம்பிப்பார்.

துருவைப் பார்த்து ஆளைச் சொல்வதில் அவரை மிஞ்ச முடியாது. டிரைவர் காலடி போயிருந்தால் கோயில் குருக்கள் வண்டி. ஈர வேட்டியோடு ஏறி ஏறி அப்படி ஆகியிருக்கும். பின்சீட்டுக்கு அடியில் வட்ட வட்டமாகப் போயிருந்தால் கூரம் பக்கத்து விவசாயி. யூரியா மூட்டை வேலை. டிக்கி மட்டும் போயிருந்தால் தறிக்காரர். முகூர்த்தப் புடவைக்குச் சாயம் போட்ட நூல் ராகு காலத்துக்கு முன்னால் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தாக வேண்டும் என்று பார்க்கிற குடும்பங்கள் இங்கே உண்டு. நூல் காய்ந்ததா என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். சாயப்பட்டறையிலிருந்து சொட்டச் சொட்ட டிக்கியில் போட்டுக்கொண்டு வருவார்கள். சாயத்தில் கலந்த ஆசிட் தண்ணீர் டிக்கியில் விரித்த பாயை நனைத்துத் தகரத்தில் இறங்கும். நல்ல நேரம் தவறாது, டிக்கி தவறிவிடும்.

“அந்தக் காலத்து வண்டி கெட்டிங்க” என்று யாராவது ஆரம்பித்தால் அவருக்குக் கோபம் தலைக்கேறும்.

“இன்னா கெட்டி? அந்தக் காலத்துல ரோடு மோசம், நீ மெதுவா போன. அதனால உயிரோட இருக்கிற. தகரத்தப் பாரு, தண்ணி உள்ள வர நாலு வழி வச்சிருக்கான், வெளிய போவ ஒரு வழி வைக்கல. இத வச்சிக்கினு கெட்டின்றியே!”

என் வண்டிக்கும் இதே மரியாதைதான். பதினாறு வருடப் பழைய கார், பாசமாக வைத்திருந்தேன். என் மனைவி எதிரில் அதன் முன்தரையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி, “லோகு, இதுல பொம்பளைய உக்கார வைக்காத” என்றார். அன்றிலிருந்து அவள் அதில் உட்காரவில்லை. நான் அவரோடு இரண்டு மாதம் பேசவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கடையில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

இத்தனை கறார் பேசுகிற மனிதர் ஒரு வண்டிக்கு ஏமாற்று வேலை செய்தார். அது எனக்குத் தெரியும். டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

வண்டி தறிக்காரர் கலியாணசுந்தரத்தினுடையது. வெள்ளை நிறம், இரண்டாயிரத்து மூன்றாம் வருடத்து மாடல். பதினைந்து வருடம் முடிந்துவிட்டது, மறுநாள் காலை ஆர்டிஓ ஆபீஸில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முனிரத்தினம் அடியில் படுத்தார். டிக்கி மட்டுமில்லை, இடது பின்சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் உட்காரும் இடமே ஓட்டையாக இருந்தது. அந்த இடம் விட்டுப்போனால் வேகமாகப் போகும்போது சக்கரம் ஒரு பக்கம் போகும், வண்டி ஒரு பக்கம் போகும். பின்சீட்டில் இருக்கிறவர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்று சொல்ல முடியாது.

அன்று பங்குனி உத்திரம். தகரக் கடை பூட்டியிருந்தது. வேலையோ மூன்று நாள் வேலை. கலியாணசுந்தரம் பட்டறை வாசலில் நின்று வானத்தைப் பார்த்தபடி சொன்னார்:

“உம் பொண்ணு புடவ தறியில ஏத்தியாச்சு முனிரத்தினம். ஆறு பேர் வரிசையில இருக்காங்க, காயத்ரிக்குன்னு முன்னால போட்டேன். இத நான் சொல்லிக் காட்டல.”

சொல்லிக் காட்டவில்லை என்று ஒருவர் சொன்னால் அப்புறம் செய்வதற்கு என்ன இருக்கிறது? வைகாசியில் காயத்ரிக்குக் கல்யாணம். முனிரத்தினம் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் காலி எண்ணெய் டின் ஒன்று கிடந்தது. மேலே பச்சைக் கிளிப் படம் போட்ட டின். கத்தரிக்கோலால் அதைக் கிளியோடு சேர்த்துக் குறுக்கே வெட்டினார். ஒரு துண்டை ஓட்டையின் மேல் வைத்து ரிவிட் அடித்து, பட்டி பூசி, கறுப்புத் தார் அடித்து மூடினார். அவசரத்தில் படம் போட்ட பக்கம் வெளியே வந்துவிட்டது. தாருக்குள் போய்விட்டதால் பரவாயில்லை என்றார்.

“இது நாளைக்கு ஒரு நாளைக்குத்தான். முடிஞ்ச உடனே கொண்டாங்க, வெட்டி எடுத்துட்டு நெஜ தகரம் வைக்கணும். அதுவரைக்கும் பின்னால யாரையும் ஏத்தாதீங்க” என்று இரண்டு தடவை சொன்னார்.

வண்டி பாஸாகிவிட்டது. பாஸான வண்டியை ரிப்பேருக்குக் கொண்டுவர எந்தத் தறிக்காரருக்கு மனசு வரும்? முனிரத்தினம் மூன்று முறை போய்க் கேட்டார். நான்காம் முறை போகவில்லை, அதற்குள் புடவை வந்துவிட்டது. அரக்கு நிறத்தில் மயில் கழுத்துக் கரை வைத்த புடவை, பிரமாதமாக இருந்தது. பிறகு கலியாணசுந்தரம் வண்டியை யாருக்கோ விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டோம். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்கு வருடம் ஓடியது. காயத்ரிக்கு ஒரு பெண் பிறந்தது, யாழினி என்று பெயர், மூன்று வயது. மாப்பிள்ளை ஆனந்தகுமார் வாலாஜாபாத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். நல்ல பிள்ளை. கார் வாங்க ஆசைப்பட்டு மூன்று பழைய வண்டிகளை மாமனாரிடம் காட்டினார். மூன்றும் ஸ்க்ரூடிரைவர் குத்தில் போயின. நான்காவதை அவர் காட்டவில்லை. வாங்கிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு நேராகப் பட்டறைக்கு வந்துவிட்டார். கருநீல நிறம், புதுப் பெயின்ட், சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டிருந்தது.

“மாமா, இந்த வண்டிய நீங்க குத்தம் சொல்ல முடியாது. அடியில பூரா காஞ்சிபுரத்து வேலையாம். கெட்டி வேலைன்னு புரோக்கரே சொன்னாரு.”

“அப்டிங்களா மாப்பிள்ளை” என்றார் முனிரத்தினம்.

“இன்னிக்கி குத்தற வேலையே வேணாம்பா” என்றாள் காயத்ரி. “சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் மட்டும் வச்சி அனுப்பு. பெரியவங்க கையால வக்கணும்னு நேரா இங்க வந்தோம். திருமுக்கூடல் கோயிலுக்குப் போயிட்டு சாயங்காலம் வந்துடுவோம்.”

யாழினி பின்சீட்டில் குதித்துக்கொண்டிருந்தாள். முனிரத்தினம் கையைத் துடைத்துக்கொண்டு பழங்களை வாங்கினார். முன்சக்கரம் இரண்டுக்கும் வைத்தார். வலது பின்சக்கரத்துக்கு வைத்தார். இடது பின்சக்கரத்துக்கு வைக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை.

முதுகு பிடித்துக்கொண்டதோ என்று நான் பக்கத்தில் போனேன். அவர் சக்கரத்துக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்தேன். தார் பொரிந்து விழுந்த இடத்தில் பச்சை நிறத்தில் ஒரு தலையும் சிவப்பு மூக்கும் தெரிந்தன. ஓரமெல்லாம் துரு. உள்ளே குழந்தை ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் அந்தக் கிளி கொஞ்சம் அசைந்தது.

என் மூளை உடனே வேலை செய்தது. அவர் காதில் சொன்னேன்: “பிரேக்ல சத்தம் வருது, வண்டிய வுட்டுட்டு பஸ்ல போங்கன்னு சொல்லு. ராவோட ராவா கமுக்கமா மாத்திடலாம். யாருக்கும் தெரியாது.”

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா, நன்றியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“மாப்பிள்ளை, பாப்பாவ இறக்குங்க.”

“இன்னா மாமா, திரும்பவுமா?” ஆனந்தகுமாரின் முகம் சுருங்கிவிட்டது.

“இறக்குங்க.”

குழந்தை இறங்கியதும் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒரே குத்து. அப்பளத்தில் விரல் போகிற மாதிரி போயிற்று. பட்டி உதிர்ந்தது, ரிவிட் தெறித்தது, கிளி மட்டும் அவர் கைக்கு வந்தது.

“புரோக்கர் பொய் சொல்லல மாப்பிள்ளை. காஞ்சிபுரத்து வேலதான். நான் பண்ணது” என்றார். “ஓட்ட மேல எண்ண டின்ன வெட்டி ஒட்னேன். கலியாணசுந்தரம் வண்டி இது.”

ஆனந்தகுமார் போய் டிக்கியைத் திறந்தார். ஏன் திறந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. புதுப் பாயைத் தூக்கினார். கீழே, இணைப்பு ஓரத்தில் பெயின்ட் படாத இடத்தில் அரக்கு நிறத்தில் கறை ஓடியிருந்தது. காயத்ரி குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இது என் முகூர்த்தப் புடவ கலருபா.”

அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

“தெரிஞ்சேதான் பண்ணியா?”

“தெரிஞ்சேதான்மா.”

“இன்னிக்கி யாழினி உள்ள இருந்தா, சொல்லிட்ட. நாலு வருஷமா இதுல யார் வூட்டுப் புள்ளையோ உக்காந்துக்கினு போச்சே, அப்ப எங்க போன நீ?”

அவர் தரையைப் பார்த்தார். எத்தனையோ பேருடைய வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு எவ்வளவோ பேசிய வாய். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. டார்ச் பிடித்தவன் நான் என்று அங்கே சொல்லியிருக்க வேண்டும். நான் கடையில் யாரோ கூப்பிட்ட மாதிரி உள்ளே போய்விட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

அவர்கள் அன்று திருமுக்கூடல் போகவில்லை, வாலாஜாபாத் பஸ் ஏறினார்கள். முனிரத்தினம் வேறு வண்டி எதையும் தொடாமல் பதினோரு நாள் அந்த ஒரு வண்டியோடு கிடந்தார். பின்தரை முழுக்க வெட்டி எடுத்து, கனமான தகரம் வைத்து, தண்ணீர் வெளியே போக வழியும் வைத்தார். அந்த மாடலைச் செய்த கம்பெனிகூட அவ்வளவு செய்திருக்காது. பன்னிரண்டாம் நாள் ஆனந்தகுமார் வந்தபோது முனிரத்தினமே ஸ்க்ரூடிரைவரை நீட்டி, “குத்திப் பாருங்க” என்றார். மரியாதைக்காக மாப்பிள்ளை வேண்டாம் என்றார். “குத்துங்க” என்றார் மறுபடியும். கணீரென்றது.

காயத்ரி இரண்டு மாதம் பேசவில்லை. அப்புறம் பேசினாள்.

கிளித் துண்டை அவர் தூக்கிப் போடவில்லை. பட்டறையில் முருகர் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டார். சும்மா பட்டி பூசிக் கொடுங்கள் என்று யாராவது கேட்டால் அதைக் காட்டி, “இது நான் போட்டது, எம் பேத்தி இதும்மேல குதிச்சா” என்பார். திட்டுவது குறைந்துவிட்டது. எனக்கு அதுதான் சங்கடமாக இருந்தது. நானும் என் வண்டியை விட்டேன். முன்தரை மாற்றிக் கொடுத்தார். என் மனைவி இன்னும் உட்காரவில்லை, அது வேறு கதை.

போன மாதம் யாழினி வந்திருந்தாள். மாட்டியிருந்த தகரத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“தாத்தா, கிளிக்குத் தல மட்டும்தான் இருக்குது. வாலு எங்க?”

நான் சிரித்தேன். முனிரத்தினம் சிரிக்கவில்லை. அந்த டின்னின் மற்ற பாதி என்ன ஆயிற்று என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. சிரிப்பு பாதியில் நின்றது.

“அது இன்னொரு வண்டியில இருக்குதும்மா” என்றார்.

குழந்தை போனபிறகு, யாருடைய வண்டி என்று கேட்டேன்.

“ஆளு ஞாபகம் இல்ல லோகு. அடுத்த வாரமே ஒருத்தன் வந்து, கலியாணசுந்தரத்துக்குச் செஞ்சியே எனக்கும் செய்யின்னு கேட்டான். அந்த வண்டித் தரை மட்டும் ஞாபகம் இருக்குது. வலது பக்கம், பின்சீட்டுக்குக் கீழ.”

இப்போதெல்லாம் அவரோடு டீ குடிக்கப் போனால் சீக்கிரம் திரும்ப முடிவதில்லை. தெருவில் எந்தப் பழைய கார் நின்றிருந்தாலும், டிரைவரிடம் ஒரு நிமிஷம் என்று கை காட்டிவிட்டு, வலது பின்சக்கரத்துப் பக்கம் குனிந்துவிடுகிறார். நான் செல்போன் டார்ச்சைப் பிடிக்கிறேன்.